டிக், புஸ், டப்: .22 பிஸ்டல் மக்கர் செய்தால் தோட்டாவை எப்போது சந்தேகிப்பது?

தோட்டா சரியில்லை என்று நான்கு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பிஸ்டல் கைக்கு வந்த புதிது. பத்து முறை சுட்டால் ஒரு முறையாவது அடுத்த தோட்டா மூக்கு முட்டி நின்றுவிடும். மூன்று கம்பெனித் தோட்டாக்களை மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முதல் பெட்டியில் சரியானதுபோல இருக்கும், அடுத்த வாரம் பழைய கதைதான். கடைசியில் பக்கத்து மேடையில் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் இரண்டு மேகசின்களையும் (தோட்டாக்களை அடுக்கிப் பிஸ்டலில் செருகும் கூடு) வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணோட உதடு விரிஞ்சிருக்கு தம்பி" என்றார். மேல் தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் வாய்மடிப்பைத்தான் உதடு என்றார். அன்றைக்கே நெயில் பாலிஷால் இரண்டின் அடியிலும் 1, 2 என்று எழுதினேன். அடுத்த நூறு தோட்டாவில் சிக்கியவை எல்லாமே 2-ஆம் நம்பரிலிருந்து வந்தவை. மூன்று கம்பெனிகளையும் சும்மா திட்டியிருக்கிறேன்.

அதனால் "எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "என்ன ஆச்சு?" என்பதுதான். வெடிக்கவில்லையா, மெதுவாக வெடித்ததா, காலியானது வெளியே வரவில்லையா, புதியது உள்ளே போகவில்லையா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. சிலவற்றில்தான் தோட்டா குற்றவாளி.

சொற்களை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். தோட்டா என்று நான் சொல்வது முழுசை. பித்தளைக் குழாய் கேஸ். முனையில் இருக்கும் ஈயம் குண்டு. கேஸின் அடியில் தட்டுபோல விரிந்திருப்பது விளிம்பு. ரிம்ஃபயர் என்ற பெயரே அந்த விளிம்பிலிருந்து வந்ததுதான்.

விளிம்பில் இருக்கும் வம்பு

பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு பிரைமர் குப்பி இருக்கும். நாம் பேசும் இந்த .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) தோட்டாவில் அது கிடையாது. 1887-இல் இந்த வகை வந்ததிலிருந்து இன்றுவரை ஏற்பாடு ஒன்றுதான்: பற்றவைக்கும் கலவையை ஈரமாக, துளியளவு கேஸுக்குள் போட்டு, வேகமாகச் சுழற்றுவார்கள். சுழலும் வேகத்தில் அது விளிம்பின் மடிப்புக்குள் போய் வட்டமாக ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு மேலே பவுடர், அதற்கு மேல் குண்டு. ஃபயரிங் பின் விளிம்பில் ஓர் இடத்தில் அடித்து நசுக்கும்போது அந்த இடத்தில் கலவை இருந்தால் வெடிக்கும். சுழற்றும்போது ஒரு பக்கம் கலவை போகாமல் விட்டிருந்து, பின்னும் அங்கேயே அடித்தால், நமுத்த பட்டாசு மாதிரிதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. இந்தக் குண்டின் பின்பகுதி சற்று ஒடுங்கிக் கேஸுக்குள் உட்கார்ந்திருக்கும். முன்பகுதி கேஸ் அளவுக்கே தடிமன். அந்த ஈயத்தின் மேல் மெழுகு அல்லது மசகு பூசியிருப்பார்கள். ஆகவே விரலில் ஒட்டும், தூசியைப் பிடிக்கும், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடமான சேம்பரில் படியும். கேஸ் வாய் குண்டைப் பிடித்திருக்கும் பிடியும் அத்தனை இறுக்கமில்லை. ரிம்ஃபயர் தோட்டா பெரிய தோட்டாவைவிடக் கொஞ்சம் அதிகமாக மக்கர் செய்வதற்கு இவைதான் காரணம். எவ்வளவு விலை கொடுத்தாலும் இது பூஜ்யமாகாது.

"டிக்" என்றது, வெடிக்கவில்லை

கையை அசைக்காதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், விரல் விசையிலிருந்து வெளியே வரட்டும். மனசுக்குள் 30 விநாடி எண்ணுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான். ஆனால் "என்னடா இது" என்று பிஸ்டலைத் திருப்பி முகத்துக்கு நேராகப் பார்க்கிற அந்த ஒரு கணத்தில் வெடித்தால் அபூர்வம் என்ற கணக்கெல்லாம் உதவாது. ரேஞ்சில் ஆபீசர் இருந்தால் காலியாக இருக்கும் கையை உயர்த்திச் சொல்லுங்கள். அப்புறம் மேகசினைக் கழற்றி, சேம்பரைப் பின்னாலிருந்து மூடியிருக்கும் போல்ட்டை இழுத்து, தோட்டாவை வெளியே எடுங்கள்.

இனிமேல்தான் துப்பறியும் வேலை. இதே பிஸ்டலில் நன்றாக வெடித்த ஒரு காலி கேஸையும், வெடிக்காத தோட்டாவையும் அடிப்பாகம் மேலே தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சின்னப் பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. வெடித்ததன் விளிம்பில் பின் அடித்த பள்ளம் தெளிவாக, நகத்தால் அழுத்திய தழும்புபோல இருக்கும். வெடிக்காததிலும் அதே ஆழத்தில், அதே இடத்தில் பள்ளம் இருந்தால் பிஸ்டல் தன் வேலையைச் செய்துவிட்டது. கலவைதான் அங்கே இல்லை. அந்தத் தோட்டாவை மறுபடி சேம்பரில் போடும்போது கால் வட்டம் திருப்பிப் போட்டு ஒரே ஒரு முறை முயலலாம். வெடித்தால் சந்தேகம் உறுதி. அப்போதும் வெடிக்காவிட்டால் மூன்றாவது முயற்சி வேண்டாம். ரேஞ்சில் வெடிக்காதவற்றுக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். சட்டைப் பையில் போடுவது, குறடால் பிடித்துக் குண்டைப் பிடுங்கிப் பார்ப்பது, குப்பையில் வீசுவது எல்லாம் கூடாது. உள்ளே இருக்கும் கலவை இன்னமும் உயிரோடுதான் இருக்கிறது.

பள்ளம் மேலோட்டமாக, ஊசி கீறியதுபோல மட்டும் இருந்தால் தோட்டாவைத் திட்டாதீர்கள். அடி போதவில்லை. அதற்கு மூன்று காரணம் உண்டு.

சேம்பரில் கரியும் மெழுகும் சேர்ந்து தோட்டா கடைசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றிருக்கலாம். பின்னின் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும். விளிம்பை நசுக்க மிச்சம் இருக்காது. இதற்கு அடையாளம், முதல் நூறில் எல்லாம் வெடிக்கும், இருநூறைத் தாண்டியதும் டிக் டிக் என்று ஆரம்பிக்கும். இரண்டாவது அடியில் பெரும்பாலும் வெடித்துவிடும். சேம்பரைத் துடைத்ததும் சரியாகிவிட்டால் வழக்கு முடிந்தது.

பின் ஓடும் வழியில் பழைய எண்ணெய் பிசின்போல உறைந்திருக்கலாம். குளிரில் மட்டும் டிக் வருகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள். அந்த வழியில் எண்ணெய் ஏறக்குறைய இருக்கவே கூடாது. துடைத்து உலர்வாக விடுங்கள்.

மூன்றாவது, பின்னின் முனை தேய்ந்தோ உடைந்தோ இருக்கலாம், அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பழைய பிஸ்டல் கைமாறி வந்திருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். காலி சேம்பரில் விசையை அழுத்திப் பழகும் பழக்கமும் சில பிஸ்டல்களில் கெடுதல்தான். தோட்டா இல்லாத இடத்தில் பின் நேராகச் சேம்பரின் ஓரத்தில் போய் அடிக்கும். அங்கே ஒரு நெளிவு விழும். பிறகு தோட்டா போவதும் வருவதும் சிரமம். உங்கள் பிஸ்டலின் கையேடு அனுமதிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயிற்சிக்கென்று விற்கும் டம்மித் தோட்டாவைப் போட்டுப் பழகுங்கள்.

கோளாறு தோட்டாவில்தான் என்று தெரிந்தால் எத்தனைக்கு ஒன்று என்று எழுதி வையுங்கள். ஐம்பதில் ஒன்று வெடிக்கவில்லையென்றால் அந்த லாட்டை (ஒரே தடவையில் செய்து ஒரே எண் போட்ட சரக்கு) மறுபடி வாங்கமாட்டேன். ஐந்நூறில் ஒன்று என்றால் பயிற்சிக்குப் பொறுத்துக்கொள்வேன்.

"புஸ்" என்றது

இதற்குப் பிழை நீக்கும் வழி ஒன்றே ஒன்றுதான்: நிறுத்துங்கள். வழக்கமான டப் சத்தம் வராமல் காற்றுப்போன மாதிரி ஒரு சத்தம் வந்து, கையில் உதைப்பும் இல்லாமல் போனால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். பவுடர் குறைவாகவோ இல்லாமலோ வந்த தோட்டா அது. கலவை மட்டும் வெடித்துக் குண்டைப் பாதி வழிக்குத் தள்ளிவிட்டிருக்கும். அடுத்ததைச் சுட்டால் இரண்டாவது குண்டு முதலாவதில் போய் முட்டும். குழல் உப்பும் அல்லது வெடிக்கும். வேகமாகச் சுடும் பயிற்சியில்தான் இது ஆபத்து. விரல் பழக்கத்தில் அடுத்ததற்குப் போய்விடும். ஐந்து விநாடிக்குள் ஐந்து சுட வேண்டும் என்ற பதற்றத்தில் காது கேட்காது. ஆகவே ஆரம்பத்திலேயே சத்தத்தைக் கவனிக்கப் பழகுங்கள்.

இங்கேயும் குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருங்கள். பிறகு மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று சேம்பர் பக்கமிருந்து பார்க்க வேண்டும். குழலைக் கழற்ற முடியாத பிஸ்டலில் துடைக்கும் கம்பியை மெதுவாக விட்டுப் பார்க்கலாம். முழு நீளமும் போய்விட்டால் அடைப்பில்லை. அடைப்பு இருந்தால் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுங்கள். இன்னொரு தோட்டாவால் தள்ளிவிடலாம் என்று நினைத்தவர்களின் குழல்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெட்டியில் ஒரு புஸ் வந்தாலே அந்தப் பெட்டியை மூடி வைத்துவிடுங்கள். டிக் விஷயத்தில் நான் காட்டும் தாராளம் இதில் கிடையாது.

இந்த வகையிலேயே சேர்த்து வைக்க வேண்டிய இன்னும் இரண்டு: விசையை ஒருமுறை அழுத்தினால் இரண்டு வெடிப்பது, முகத்தில் சூடான காற்றோ பித்தளைத் துணுக்கோ அடிப்பது. முதலாவது பிஸ்டலின் கோளாறு. அன்றைய சுடுதல் அத்தோடு முடிந்தது. இரண்டாவதில் காலி கேஸை எடுத்துப் பாருங்கள். விளிம்பு கிழிந்தோ, அடிப்பக்கம் ஒருபுறம் உப்பியோ இருந்தால் தோட்டா முழுதாக உள்ளே போகாத நிலையில் வெடித்திருக்கிறது, அல்லது கேஸே பலவீனம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் ரேஞ்சுக்குள் நுழையக் கூடாது என்பது இதற்காகத்தான்.

காலி கேஸ் வெளியே போகவில்லை

வெடித்தது, ஆனால் கேஸ் வெளியேறும் ஜன்னலில் புகைபோக்கி மாதிரி நின்றுகொண்டு போல்ட்டை மூடவிடவில்லை. இல்லையென்றால் சேம்பரிலேயே உட்கார்ந்திருக்க, அதன் முதுகில் புதுத் தோட்டா வந்து முட்டுகிறது. புதியவர்களுக்கு அதிகம் நேர்வது இதுதான். தோட்டாவின் வகையை மாற்றினால் பளிச்சென்று சரியாகக்கூடியதும் இதுதான்.

.22 பிஸ்டலில் போல்ட்டைப் பின்னால் தள்ளுவது வெடிப்பின் அழுத்தம்தான், வேறு இயந்திரம் எதுவும் இல்லை. அழுத்தம் போதாவிட்டால் போல்ட் பாதி வழி வந்து திரும்பிவிடும். அதனால் பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வேகத்தைப் பாருங்கள். இலக்குச் சுடுதலுக்கான ஸ்டாண்டர்டு வெலாசிட்டி தோட்டா, 40 கிரெய்ன் (2.6 கிராம்) குண்டுடன், விநாடிக்கு ஏறத்தாழ 1,050 முதல் 1,085 அடிக்குள் இருக்கும். சிசிஐ கம்பெனியின் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி 1,070, எலி கம்பெனியின் டெனெக்ஸ் 1,085. ஹை வெலாசிட்டி என்றால் 1,200-க்கு மேல். சிசிஐ மினிமேக் 1,235. கீழ்ப்பக்கம் போனால் சத்தம் குறைவாக வரவேண்டும் என்றே செய்த வகைகள் இருக்கின்றன. சிசிஐ கொயட் விநாடிக்கு 710 அடிதான். தானாக அடுத்த தோட்டாவை ஏற்றும் பிஸ்டலில் அதைப் போட்டுவிட்டு "போல்ட் திரும்பவில்லையே" என்றால், அது திரும்பாது. அதற்காக அதைச் செய்யவில்லை.

இந்த எண்கள் நீண்ட ரைஃபிள் குழலில் அளந்தவை. ஐந்தாறு அங்குலக் குழலிலிருந்து அதே தோட்டா விநாடிக்கு 900 அடி சுற்றுவட்டாரத்தில்தான் வெளியேறும். ஆகவே "ஸ்டாண்டர்டு போட்டால் போதாது, எல்லோரும் ஹை வெலாசிட்டி போடுங்கள்" என்று சொல்பவர் ஒருவர் எல்லா ரேஞ்சிலும் இருப்பார். அவர் சொல்வது சில பிஸ்டலுக்குச் சரி. ருகர் மார்க் வரிசை, பிரவுனிங் பக் மார்க் போன்றவை இரண்டையும் தாங்கும். ஆனால் பார்டினி எஸ்பி, வால்தர் ஜிஎஸ்பி போன்ற பந்தயப் பிஸ்டல்கள் ஸ்டாண்டர்டு வெலாசிட்டிக்கென்றே எடையும் ஸ்பிரிங்கும் பொருத்தியவை. அவற்றில் வேகமான தோட்டாவைத் தொடர்ந்து போட்டால் போல்ட் பின்சுவரில் மோதி மோதி உள்ளே அடி வாங்கும். கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் விதி. பக்கத்து மேடைக்காரர் சொல்வது அதற்கு அப்புறம்.

தோட்டாவை மாற்றுவதற்கு முன் மூன்று நிமிடம் செலவழித்து இவற்றைப் பார்த்துவிடுங்கள். போல்ட் ஓடும் தடத்தில் ஒரு துளி எண்ணெய் இருக்கிறதா? கேஸைக் கொக்கிபோட்டு இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியில் கரி அடைந்திருக்கிறதா? ஒரு பல்குத்தும் குச்சி போதும். அங்கிருந்து வரும் கருப்பு மெழுகைப் பார்த்தால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். அப்புறம் உங்கள் மணிக்கட்டு. பிஸ்டலைத் தளர்வாகப் பிடித்தால் போல்ட் பின்னால் வரும்போது பிஸ்டல் முழுதும் சேர்ந்து பின்வாங்கும். போல்ட்டுக்குக் கிடைக்க வேண்டிய ஓட்டம் குறையும். உங்கள் கையில் சிக்கும் அதே தோட்டா, அதே மேகசின், அனுபவசாலி ஒருவர் கையில் ஐம்பதும் சுத்தமாக ஓடினால் பதில் கிடைத்துவிட்டது. புது பிஸ்டலில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். முதல் சில நூறு தோட்டா வரை சிக்கல் வந்து, பிறகு தானாகவே போய்விடுவதும் சகஜம்.

இதற்கு நேர்மாறான குறியும் உண்டு. காலி கேஸ் எங்கோ தூரத்தில் போய் விழுகிறது, ஆனால் சேம்பர் காலியாக இருக்க போல்ட் மூடிக்கொள்கிறது. போல்ட் அதிவேகமாகப் போய்த் திரும்ப, மேகசின் அடுத்த தோட்டாவை உயர்த்தவே நேரமில்லை. இப்போது மெதுவான தோட்டாவுக்கு மாறுங்கள், மேகசினின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். போல்ட் போதுமான தூரம் பின்னால் வராவிட்டாலும் இதே நிலைமைதான். கேஸ் விழும் தூரத்தைப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க முடியும். காலடியில் விழுந்தால் பலவீனம், பக்கத்து மேடைக்குப் போனால் மிகுபலம்.

அடுத்த தோட்டா மூக்கு முட்டுகிறது

என் நான்கு மாதக் கதை. இங்கே முதல் சந்தேகம் மேகசின், இரண்டாவதும் மேகசின்.

விளிம்பு உள்ள தோட்டாவை அடுக்குவதில் ஒரு ஒழுங்கு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அதன் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேகசினின் பக்கவாட்டுப் பொத்தானை ஒரேயடியாகக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு தோட்டாக்களைக் கொட்டுபவர்களுக்கு இது நடக்கும். ஒரு தோட்டாவுக்குத் தேவையான அளவு மட்டும் இழுங்கள்; ஒவ்வொன்றாக வையுங்கள்; முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டு. தோட்டாக்களின் மூக்கு சற்று மேல்நோக்கி ஒரே சாய்வில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தலை குனிந்திருந்தால் அதைச் சரி செய்துவிட்டுச் செருகுங்கள்.

மேகசின் 1, 2 என்று எழுதிவிட்டு, எந்த மேகசினில் எத்தனையாவது தோட்டா சிக்கியது என்று குறித்து வாருங்கள். எப்போதும் ஒரே மேகசின் என்றால் உதடு அல்லது ஸ்பிரிங். இரண்டிலும் கடைசித் தோட்டா மட்டும் என்றால் ஸ்பிரிங் தளர்ச்சி. இரண்டிலும் எங்கு வேண்டுமானாலும் என்றால் இப்போது தோட்டாவைக் கூப்பிடலாம்.

தோட்டாவில் பார்க்க வேண்டியது குண்டின் வடிவம். உருண்டை மூக்குள்ள முழு ஈயக் குண்டு மேகசினிலிருந்து சேம்பருக்கு ஏறும் சரிவில் வழுக்கிக்கொண்டு ஏறும். மூக்கில் குழி உள்ளதும், தட்டையாக வெட்டியதும் சில பிஸ்டல்களில் சரிவின் ஓரத்தில் தடுக்கும். இலக்குத் தாளுக்கு அந்தக் குழியால் ஒரு லாபமும் இல்லை. சர்வதேசப் போட்டி விதிகளும் ஈயம் அல்லது அதுபோன்ற மென்மையான பொருளாலான குண்டைத்தான் அனுமதிக்கின்றன. உலோகக் கவசமிட்ட குண்டுக்கு அங்கே இடமில்லை. அடுத்து, எப்படி அடைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஐந்நூறு தோட்டாவைக் கொட்டி மூடிய மொத்தப் பெட்டியில் அவை ஒன்றோடொன்று உரசி மூக்கு நசுங்கி, மெழுகு போய், ஈயத்தூளோடு வரும். ஐம்பதைத் தனித்தனிக் குழியில் நிறுத்தி அடைத்த தட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு தோட்டாவை விரலில் பிடித்து குண்டை லேசாக அசைத்துப் பாருங்கள். கேஸ் வாயில் ஆடினால், அல்லது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அதைப் போட வேண்டாம்.

தோட்டா முழுசாக உள்ளே இறங்கவில்லை

போல்ட் கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடாமல் நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்தி மூடாதீர்கள். வெளியே எடுத்துவிட்டு, குழலைக் கழற்ற முடிகிற பிஸ்டல் என்றால் கழற்றி, தோட்டாவைச் சேம்பரில் விரலால் விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே, அல்லது மிக லேசான தள்ளலில், விளிம்பு வரை இறங்க வேண்டும். அழுத்தினால்தான் போகிறது என்றால் சேம்பரைத் துடைத்து மறுபடி. துடைத்த பிறகும் ஒரு கம்பெனித் தோட்டா மட்டும் இறுகுகிறதா? உங்களுடையது போட்டிக்கென்று இறுக்கமாகச் செய்த மேட்ச் சேம்பர். இந்தத் தோட்டா அதற்குச் சேராது. அவ்வளவுதான், தோட்டாமேல் குறை ஒன்றும் இல்லை.

அதிவேகத் தோட்டாக்கள் சிலவற்றில் கேஸே வழக்கத்தைவிட நீளம். சிசிஐ ஸ்டிங்கரின் கேஸ் சாதாரண .22 எல்ஆர் கேஸைவிட ஏறத்தாழ 2 மி.மீ. கூடுதல். அதை மேட்ச் சேம்பரில் போடவே கூடாது. .22 ஷார்ட் தோட்டாவை எல்ஆர் சேம்பரில் சுட்டுப் பழகிய பிஸ்டலிலும் ஒரு தொல்லை இருக்கும். குட்டை கேஸின் வாய்க்கு முன்னால் கரி வளையமாகப் படிந்து, பிறகு வரும் நீளக் கேஸ் அதில் முட்டி நிற்கும்.

சுத்தம் செய்கிறேன் என்று சேம்பருக்குள் எண்ணெயைப் பீய்ச்சிவிட்டு அப்படியே சுடாதீர்கள். .22 தோட்டாவின் வாய் நீர்புகாதபடி அடைத்ததல்ல. எண்ணெய் உள்ளே கசிந்தால் கலவையும் பவுடரும் கெடும். அப்புறம் மறுபடி "டிக்" பகுதிக்கு வரவேண்டியிருக்கும்.

எல்லாம் வெடிக்கிறது, ஆனால் சிதறுகிறது

இங்கேதான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். ஒரு கணக்கு போடுவோம். 25 மீட்டர் துல்லியச் சுடுதல் இலக்கில் 10-ஆம் வளையத்தின் விட்டம் 50 மி.மீ. உங்கள் பிஸ்டலிலிருந்து குண்டு விநாடிக்கு 275 மீட்டரில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் புவியீர்ப்பால் ஏறத்தாழ 40 மி.மீ. இறங்கும். இன்னொரு தோட்டா விநாடிக்கு 10 மீட்டர் வேகமாகப் போனால்? இறக்கம் ஏறத்தாழ 38 மி.மீ. வித்தியாசம் 3 மி.மீ.கூட வரவில்லை, குண்டு போடும் ஓட்டையே 5.6 மி.மீ. அகலம். ஆகவே உங்கள் ஓட்டைகள் 150 மி.மீ. வட்டத்தில் பரவியிருந்தால் அதைத் தோட்டாவின் வேக வேறுபாட்டின் தலையில் கட்ட முடியாது. விசையை வெடுக்கென்று இழுக்கும் விரலைத்தான் பார்க்க வேண்டும்.

நம்பவில்லையா? மணல்மூட்டையின் மேல் கைகளைத் தாங்கி, அவசரமில்லாமல் பத்து சுடுங்கள். இரண்டு வகைத் தோட்டாவுக்கும் தனித்தனித் தாள். தாங்கிச் சுட்டபோது 40 மி.மீ.க்குள் வந்து, நின்று சுட்டபோது 150 ஆனால் தோட்டா நிரபராதி. தாங்கிச் சுட்டபோதே ஒன்று 40, இன்னொன்று 90 என்றால் உங்கள் குழலுக்கு முதலாவது பிடித்திருக்கிறது. விலை எதுவோ, அதை வாங்குங்கள். விலை கூடிய தோட்டா ஒரு குழலில் சுமாராகவும், நடுத்தர விலைத் தோட்டா அதே குழலில் பிரமாதமாகவும் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: கம்பெனி மாற்றியதும் முதல் பத்து இருபது தோட்டாவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒவ்வொருவர் மெழுகும் வேறு. குழலுக்குள் பழைய மெழுகின் மேல் புதியது படிந்து நிலைப்படும்வரை குண்டுகள் அலையும்.

தாளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, குண்டு பக்கவாட்டில் போய்க் குத்தியதுபோல விழுந்தால் அது வேறு நோய். குழலுக்குள் ஈயம் படிந்திருக்கிறதா, குழலின் வாயில் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எதை வாங்குவது

உங்கள் பிஸ்டல் கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை: 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம், உருண்டை மூக்கு ஈயக் குண்டு, ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, தட்டில் நிறுத்தி அடைத்தது. எஸ்கே, எலி, லாபுவா, ஆர்டபிள்யூஎஸ், சிசிஐ எல்லாரும் இந்த வகையைச் செய்கிறார்கள். எஸ்கே, எலி இரண்டிலும் பிஸ்டலுக்கென்றே பெயரிட்ட தோட்டாவும் உண்டு. அதில் ஆரம்பித்தால் தவறில்லை. ஆனால் ஆரம்பத்திலேயே உச்ச விலைப் போட்டித் தோட்டா வேண்டாம். அதில் நீங்கள் காசு கொடுப்பது 50 மீட்டரில் சில மில்லிமீட்டருக்காக. புதியவருக்கு வேண்டியது அதுவல்ல. ஐந்து அழுத்தினால் ஐந்தும் வெடித்து, ஐந்தும் வெளியேறி, மனசு விசையிலும் குறியிலும் மட்டும் இருக்க வேண்டும்.

மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். பிஸ்டலைச் சுத்தம் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். மேகசின் எண், டிக், புஸ், சிக்கல், மூக்கு முட்டல் எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குச்சிக் கணக்காகக் குறித்து வாருங்கள். ஒரே நாளில் தோட்டா, மேகசின், பிடி மூன்றையும் மாற்றினால் எது உதவியது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்று. ஐம்பதும் சுத்தமாக ஓடிவிட்டது என்று துள்ளவும் வேண்டாம். ஐம்பதில் பூஜ்யம் பிழை என்றால் உண்மையில் நூறுக்கு ஆறு வரை பிழை வரக்கூடிய தோட்டாவாகவும் அது இருக்கலாம், கணக்கு அப்படி. முந்நூறு பிழையின்றிப் போனால்தான் நூறுக்கு ஒன்றுக்குக் கீழே என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். அதனால் ஐம்பதில் தோற்றதை உடனே ஒதுக்குங்கள். ஜெயித்ததில் இன்னும் ஐந்து பெட்டி வாங்கித் தொடருங்கள்.

அந்த ஐந்தும் ஒரே லாட்டாக இருக்கட்டும். பெட்டியின் மடிப்பிலோ அடியிலோ அச்சிட்டோ முத்திரையிட்டோ ஓர் எண் இருக்கும். அதே பெயர், அதே வண்ணப் பெட்டி, எண் மட்டும் வேறு என்றால் வேறொரு நாள், வேறு கலவை, வேறு பவுடர்ச் சரக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு தாண்டியதும் அந்த எண்ணைச் சொல்லி, கிடைக்கும் அளவுக்கு வாங்கி, உலர்ந்த, வெயில் படாத இடத்தில் பூட்டி வையுங்கள். புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது பழைய பெட்டியின் மடிப்பைக் கிழித்து நோட்டில் ஒட்டிவிடுவது என் வழக்கம். எந்த லாட் எப்படி ஓடியது என்று பிறகு தேட வேண்டியதில்லை.

வீட்டுக்குக் கிளம்புமுன் கையை சோப்பு போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். விரலில் ஒட்டியிருக்கும் அந்தக் கருப்பில் மெழுகு மட்டும் இல்லை, ஈயமும் இருக்கிறது. அதுவரை தண்ணீர் பாட்டிலையும் தொடவேண்டாம்.